தடித்த கம்பி தரைப்பக்கம்

அக்கா பாஸ் கிட்டாருக்குச் சுருதி சேர்க்கும்போது நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பேன். நான் மட்டும் இல்லை. ஆலயத்தில் முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள்கூட அந்த நேரத்தில் காலை ஆட்ட மாட்டார்கள். அவள் முதலில் கிட்டாரின் தலையில் கம்பியை முறுக்குகிற கீயைத் தளர்த்திக் கம்பியைத் தாழ இறக்குவாள். சரியாக நின்றிருக்கிற கம்பியையும் இறக்குவாள். பிறகு பைய மேலே கொண்டு வருவாள். மேலே இருந்து இறங்கி வந்து நிற்கிற கம்பி பாட்டின் நடுவில் மறுபடியும் இறங்கிவிடும், கீழே இருந்து ஏறி வந்ததுதான் நிலைக்கும் என்பது அவள் எண்ணம். கம்பி ஏறி வருகிற அந்தச் சில நொடிகளில், இந்த முறை அது வந்து சேராமல் போய்விடுமோ என்று எனக்குத் தோன்றும். வந்து சேர்ந்ததும் அவள் தலையை ஒரு தடவை ஆட்டுவாள். அப்போதுதான் நான் மூச்சு விடுவேன்.

எனக்கு அது அவ்வளவு பக்கத்தில் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. நான் எங்கள் சபைப் பாடகர் குழுவில் ரிதம் பேடில் தாளம் தட்டுபவன். அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை, குழுவில் மூத்தவள் என்பதால் அப்படிக் கூப்பிடுகிறேன்; அவளுடைய வலப்பக்கம் என் ஸ்டூல். மற்றவர்கள் கிட்டார் பிடித்தால் அதன் தலை இடப்பக்கம் நீண்டு நிற்கும். அக்கா இடக்கைக்காரி. அதனால் அவள் கிட்டாரின் தலை வலப்பக்கம் நீண்டு என் காதருகே வந்து நிற்கும். நான் கொஞ்சம் அசைந்தால் கீ என் கன்னத்தில் இடிக்கும். அசையாமல் இருந்தே பழகிவிட்டேன். இயல்பிலேயே நான் அப்படித்தான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மார்த்தாண்டத்தில் ஒரு பெயிண்டுக் கடையில் நிற்கிறேன். வாடிக்கையாளர் நிறத்தைக் காட்டினால் எடுத்துக் கொடுப்பேன். அதற்கு மேல் பேச வராது.

அக்காவுக்குத் திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. எந்நேரமும் விரலிடுக்கில் கொஞ்சம் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். அதை உரித்துக்கொண்டேதான் பாட்டுப் பயிற்சிக்கு வருவாள்.

அவள் கிட்டாரைத் தொட்டதே தற்செயல். முன்பு பாஸ் வாசித்தவர் சவுதிக்குப் போன பிறகு சபையின் கிட்டார் அலமாரியில் சும்மா கிடந்தது. அது வலக்கைக்காரர்களுக்குச் செய்தது. அக்கா அதை எடுத்து அப்படியே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். பாஸ் கிட்டாரில் நாலு கம்பி. வாசிப்பவரின் நாடிப்பக்கம், அதாவது மேலே, தடித்த கம்பியும் தரைப்பக்கம் மெல்லிய கம்பியும் இருப்பதுதான் முறை. கவிழ்த்துப் பிடித்ததால் அக்காவுக்குத் தடித்த கம்பி தரைப்பக்கம் போயிற்று. அப்போது குழுவை நடத்திய பெரியவர், "பிள்ளே, கம்பியெல்லாம் கழத்தி மாத்திப் போட்டுத் தாறேன். அப்பத்தான் முறையாட்டு இரிக்கும்" என்றார்.

"நீங்க ஒண்ணும் திருப்பாண்டாம். நான் திரும்பிக்கிடுதேன்" என்றாள் அக்கா.

அந்த வாக்கியத்தைப் பிறகு நான் பல இடங்களில் கேட்டேன். ரப்பர் மரத்தில் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து போகும். வலக்கைக்காரர்களின் கைக்குத் தோதாக வைத்த முறை அது. தோட்டத்து மேஸ்திரி அவளுக்கென்று நாலு வரிசை மரத்தில் வெட்டை மாற்றிப் போடலாமா என்று கேட்டிருக்கிறார். அதற்கும் இதே பதில். எல்லாரும் மரத்தை ஒரு பக்கமாகச் சுற்றும்போது இவள் மறுபக்கமாகச் சுற்றி, உடம்பை முறுக்கி வெட்டினாள். பட்டையில் காயம் படாது. அவள் இடுப்புதான் சாயங்காலம் வலிக்கும்.

காணிக்கைப் பையில் இடக்கையால் காசு போட்டதற்கு ஒரு மூப்பர் முறைத்த பிறகு அவள் அடுத்த ஞாயிறு முதல் பெஞ்சின் மறு முனையில் போய் உட்கார்ந்தாள். அங்கே பை சுவர்ப்பக்கமாக வரும். எந்தக் கை போடுகிறது என்று யாருக்கும் தெரியாது. "மக்கா, நாம எடம் மாறி இரிக்கது லேசு. அந்த ஆளுக்க கண்ண மாத்த நம்மளால ஒக்குமா?" என்று என்னிடம் சிரித்தாள்.

திரும்புவாள். ஆனால் திரும்புவதை யாரும் பார்க்கக் கூடாது. கன்வென்ஷன் மேடை ஒன்றில் ஒரு பையன் அவள் கவிழ்த்து வாசிப்பதைப் போனில் படம் பிடிக்க வந்தான். அக்கா ஸ்டூலோடு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முழுப் பாட்டையும் சுவருக்கே வாசித்தாள். இறங்கி வந்ததும் அவனிடம், "கையில என்ன பாக்கதுக்கு இரிக்கு? காதுன்னு ஒண்ணு ஆண்டவர் தந்திருக்காருல்லா, அத வச்சுக் கேளு" என்றாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அவளைப் பீச்சாங்கைக்காரி என்று கூப்பிட்டுச் சுற்றி நின்று எழுதச் சொல்லிப் பார்ப்பார்களாம். அதை ஒரே ஒரு முறை சொன்னாள். சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாள்.

எனக்காகவும் ஒரு தடவை திரும்பியிருக்கிறாள். மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண மண்டபம். மணப்பெண் உள்ளே வருகிற நேரம். அத்தனை பேரும் எழுந்து எங்கள் பக்கம் பார்த்ததும் எனக்குப் பதறி வெப்ராளம் பிடித்தது. பேடில் தாளம் அரை அடி பிசகிவிட்டது. பாடுகிறவர்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அக்கா என்னை முறைக்கவில்லை, சரியான தாளத்தைத் தட்டிக் காட்டவும் இல்லை. பிசகிய இடத்துக்கே வந்து என்னோடு சேர்ந்துகொண்டாள். பாஸும் பேடும் ஒன்றாகப் போனால் மற்றவர்கள் என்ன செய்ய முடியும்? பாடியவர்களும் கீபோர்டு வாசிக்கிற டீச்சரும் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பந்தியில் என் இலையைப் பார்த்தபடியே அக்கா சொன்னாள்: "நீ விழுந்த எடத்தில நான் பாய விரிச்சேன். அவ்வளவுதான். பப்படம் வேணுமா?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குழுவை நடத்தப் புதிய கொயர் மாஸ்டர் வந்தார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும். பாட்டும் பாட்டும் ஒட்டி ஒட்டி வர வேண்டும். எங்கள் கிட்டாரோ பழையது. கழுத்து வில்லாக வளைந்துவிட்டது. கீ எல்லாம் தேய்ந்து வழுக்கும். இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை அக்கா சுருதி சேர்த்தாக வேண்டும். அந்த இடைவெளியில் ஆலயமே காத்திருக்கும்.

ஒரு பயிற்சி நாளில் அவர் வெடித்துவிட்டார். "இது ஆராதனையா, பழைய ரேடியோவா? திருகித் திருகி ஸ்டேஷன் பிடிக்கதுக்கு?"

பாடுகிற பெண்கள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அக்கா கீயில் இருந்து கையை எடுக்கவில்லை.

"எனக்க மச்சினன் துபாயில இருந்து வந்தாச்சு" என்றார் அவர். "அங்க சபையில பாஸ் வாசிச்ச ஆளு. சொந்த கிட்டார் வச்சிருக்கான். நேராட்டுப் பிடிச்சு வாசிப்பான். பண்டிகைக்குள்ள நல்ல கிட்டார் வந்தா நீங்களே இரிங்க. இல்லேன்னா அவன் இரிப்பான். அதுக்குப் பொறவு ஆளை மாத்தி மாத்தி இருத்த என்னால ஒக்காது. ஒரு ஆளுன்னா ஒரு ஆளு."

பண்டிகை என்றால் எங்கள் ஆலயம் பிரதிஷ்டை பண்ணின நாள். ஊரில் இருந்து வெளியே போனவர்கள் எல்லாரும் வந்து கூடுகிற ஆராதனை அது.

அன்று அக்கா திரும்பிப் போகும்போது விரலில் இருந்து ரப்பர் பாலை உரித்துக்கொண்டே நடந்தாள். உரித்து முடிந்த பிறகும் உரித்துக்கொண்டிருந்தாள். "காட்டில மரத்தோட நிக்கேன், வீட்டில அடுப்போட நிக்கேன். இந்த ஒரு ஸ்டூலுலதான் மக்கா நான் இரிக்கேன்" என்றாள்.

நாகர்கோவிலில் இசைக்கருவி விற்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர், "எடது கைக்கு நாங்க வச்சுக்கிடுதது இல்ல. யாரு வந்து கேக்கா?" என்றார். அக்கா, "நான்தான் வந்து நிக்கேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அதன் பிறகுதான் களியக்காவிளை தாண்டி ஒருவர் சொந்தமாகக் கிட்டார் செய்து கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டோம். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டாள். "நீ பேசாண்டாம். கூட வந்து நின்னாப் போதும்."

ரோடு அகலப்படுத்தியபோது அவள் வீட்டு முற்றத்து அயனி மரத்தை வெட்டினார்கள். அதில் ஒரு பலகையை அவள் எடுத்து வைத்திருந்தாள். அந்தப் பலகையையும் பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் முறைத்தார்.

"என்னம்மா இது? கதவா?"

"கிட்டாரு."

"கிட்டாரா? சரி, கதவுக்கானாலும் கிட்டாருக்கானாலும் டிக்கெட் எடுக்கணும்."

"அதுக்கும் சேத்துக் கிழி. ஆனா அது இரிக்காது, நிக்கத்தான் செய்யும்."

கிட்டார் செய்பவர் இளவயதுக்காரர். பலகையைத் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அக்காவின் கை நீளம், தோள் அகலம் எல்லாம் அளந்தார். பட்டறையின் ஒரு மூலையில் மூன்று பையன்கள் கிட்டார் படித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். அவர் சுவரில் தொங்கிய ஒரு பாஸ் கிட்டாரை எடுத்து நீட்டினார். அது வலக்கைக்கானது.

"சேச்சி, இதுல சும்மா கொஞ்சம் வாசிச்சுக் காட்டணும். கை போற வழி பாத்தா எனக்கு எளுப்பமா இரிக்கும்."

பையன்கள் மூன்று பேரும் தலையை நீட்டினார்கள். அக்கா கிட்டாரைப் பார்த்தாள், பையன்களைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கை போற வழி எனக்குத் தெரியும். நீ எழுதிக்கோ. எடது கை. நாலு கம்பி."

அவர் எழுதிக்கொண்டார். எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. தடித்த கம்பி தரைப்பக்கம் இருப்பதைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். பாஸ் கிட்டார் என்றாலே அப்படித்தான் என்று என் கண்ணுக்குப் பழகிவிட்டது.

கிட்டார் பண்டிகைக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. பட்டறை ஆள் பெட்டியோடு அக்கா வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். எங்கள் சபையில் புதிதாக வருகிற எந்த வாத்தியத்தையும் வெள்ளைத்துணி போட்டுப் பீடத்துக்கு முன்னால் வைத்து, போதகர் ஜெபித்துப் பிரதிஷ்டை பண்ணின பிறகுதான் எடுப்பார்கள். மற்றவர்கள் அதற்கு முன்னாலேயே வீட்டில் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிடுவார்கள். அக்கா அதற்குச் சம்மதிக்கிற ஆள் இல்லை.

"முதல் மாங்கா, முதல் தேங்காயெல்லாம் கோயிலுக்குக் கொண்டு வந்து குடுக்கோம்லா? இதுக்கும் முதல் சத்தம் அங்கதான் கேக்கணும்" என்று போனில் சொன்னாள்.

"செஞ்ச ஆளு வாசிச்சுப் பாத்திருப்பாருல்லா அக்கா?" என்றேன். நான் அப்படி எதிர்த்துக் கேட்டதே அபூர்வம்.

"அது சோதன. வாசிப்பு இல்ல." பெட்டியை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பண்டிகை அன்று இரண்டு ஆராதனை. விடிந்ததும் ஒன்று, பிறகு ஒன்பதரைக்குப் பெரிய ஆராதனை. முதல் ஆராதனையில் வாத்தியம் கிடையாது. அதன் முடிவில் புதுக் கிட்டாரைப் பெட்டியோடு வைத்து ஜெபித்தார்கள். அதே கையோடு பழைய கிட்டாரைப் பேச்சிப்பாறைப் பக்கத்துக் கிளைச் சபைக்குக் கொடுத்தார்கள். அவர்கள் அதைத் தங்கள் வேனில் வைத்துக்கொண்டு, அங்கேயும் ஆராதனை இருக்கிறது என்று உடனே கிளம்பிப் போனார்கள். வேன் வளைவில் மறைகிற வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு எங்கள் இடத்துக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். அயனி மரம் தேன் நிறத்தில் மின்னியது. இரண்டு பெண்கள், "யம்மா, என்ன அழகு" என்றார்கள். அக்கா தோளில் மாட்டினாள். என் பக்கம் கிட்டாரின் தலை வழக்கம்போல வந்து நின்றது. அவள் கட்டை விரலைத் தரைப்பக்கத்துக் கம்பிக்குக் கொண்டுபோய் மீட்டினாள்.

சின்னச் சத்தம் வந்தது. மெல்லிய கம்பி.

அவள் குனிந்து பார்த்தாள். தடித்த கம்பி மேலே, அவள் நாடிக்குப் பக்கத்தில் இருந்தது. இடக்கைக்காரர்களுக்கு எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படியே அவர் முறையாகச் செய்திருந்தார். அக்காவுக்குத்தான் எல்லாம் தலைகீழ்.

ஒரு கீர்த்தனையின் முதல் வரியை முயன்றாள். விரல் போன இடத்தில் எல்லாம் வேறு சத்தம் இருந்தது. மறுபடி முயன்றாள். அவள் கழுத்தில் வியர்வை இறங்குவதை நான் பார்த்தேன்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கொயர் மாஸ்டர் வேகமாக வந்தார். "என்ன, என்ன ஆச்சு?"

அவருடைய மச்சினன் விஷயத்தைப் பார்த்தவுடனே புரிந்துகொண்டார். தன் கிட்டாரையும் கொண்டு வந்திருந்தார். பெட்டியைத் திறக்காமல் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அதை இரவல் வாங்கிக் கவிழ்த்துப் பிடிக்கலாம்; ஆனால் நல்ல கிட்டார் வந்தால்தான் ஸ்டூல் என்ற மாஸ்டரின் கணக்கில் அது சேராது. "கம்பிய மாத்திப் போட்டா ஒக்காதா?" என்று மாஸ்டர் கேட்டதற்கு, "இல்ல அத்தான். கழுத்துக்கு மேல கம்பி இரிக்க பள்ளம் வெட்டியிருக்குல்லா, தடிச்ச கம்பி சின்னப் பள்ளத்தில இரிக்காது. பட்டறையிலதான் செய்ய முடியும்" என்றார். பிறகு அக்காவிடம் குரலைத் தாழ்த்தி, "அக்கா, நீங்க வெப்ராளப்படாண்டாம். இன்னைக்கு நான் ஒப்பேத்துகேன்" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஒரு ஆள் என்றால் ஒரு ஆள் என்று மாஸ்டர் சொன்னது எங்கள் குழுவில் எல்லாருக்கும் தெரியும். மச்சினனுக்கு மட்டும் தெரியாது. வெளியே கார்களும் வேன்களும் வந்து நிற்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். ஜெபிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் இடக்கை விரல்கள் மடியில் அசைந்துகொண்டிருந்தன. பிறகு கீபோர்டு டீச்சரைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், ஒரு ஈ குடுங்க."

டீச்சர் ஒரு கட்டையை அழுத்தினார். அக்கா தரைப்பக்கத்து மெல்லிய கம்பியின் கீயைத் தளர்த்தினாள். அதை மிகவும் தாழ இறக்கி, பிறகு பைய மேலே கொண்டு வந்து ஈ என்கிற சுரத்தில் நிறுத்தினாள். பழைய கிட்டாரில் அந்த இடத்தில் இருந்த தடித்த கம்பிக்கு உரிய சுரம் அது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. கம்பியை இடம் மாற்ற முடியாது. ஆனால் எந்த இடத்தில் எந்தச் சுரம் இருக்க வேண்டும் என்று அவள் விரலுக்குத் தெரியுமோ, அந்தச் சுரத்தை அந்த இடத்தில் இருக்கிற கம்பிக்கே கொடுத்துவிடலாம்.

"ஏ குடுங்க." இரண்டாவது கம்பியையும் இறக்கினாள். அது தொளதொளவென்று ஆனது. ஆனாலும் சுரம் பேசியது.

"டி."

மூன்றாவது கம்பியை இறக்க முடியாது. அதை ஏற்ற வேண்டும். அதுவும் நிறைய ஏற்ற வேண்டும். அவள் கீயைத் திருகத் திருகக் கம்பி கிறீச்சிட்டது. என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தக் கீ.

மச்சினன் பதறினார். "அக்கா, அறும்!"

"அறட்டு."

"மூஞ்சியில அடிக்கும்!"

"மூஞ்சியத் திருப்பிக்கோ. நீயும் திருப்பிக்கோ மக்கா."

நான் முகத்தைத் திருப்பினேன். கண்ணையும் மூடினேன். டீச்சர் அந்தக் கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தார். கம்பியின் குரல் ஏறி, ஏறி, தயங்கி, மறுபடி ஏறி அந்தச் சத்தத்தோடு போய் ஒட்டியது. அக்கா தலையை ஆட்டுகிற அசைவு கிட்டாரின் வழியாக என் தோளுக்குத் தெரிந்தது. நாலாவது கம்பியையும் ஏற்றி முடித்தாள். அதற்குள் ஆலயம் நிறைந்துவிட்டது.

"இரிக்கேன்" என்றாள் மாஸ்டரைப் பார்த்து. அவர் நடுவில் போய் நின்று கையை உயர்த்தினார்.

அந்த ஆராதனையைப் போல ஒன்று என் வாழ்க்கையில் இல்லை. சுரம் தவறவில்லை. ஆனால் அடியில் முழங்க வேண்டிய ஈ ஒரு சின்னப் பிள்ளையின் குரலில் வந்தது. மேலே நிற்க வேண்டியது அடியில் போய் உறுமியது. வீட்டின் அஸ்திவாரம் கூரைக்குப் போனது மாதிரி. முதல் பாட்டின் இரண்டாவது சரணத்தில் மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பினார். அவர் நெற்றி சுருங்கியது. சுவர் ஓரத்தில் மச்சினன் எழுந்து நின்றுவிட்டார். அவர் கண்ணும் என் கண்ணும் அந்த மூன்றாவது கம்பியில்தான் இருந்தன. ஒவ்வொரு தடவையும் அக்காவின் விரல் அதில் படும்போது என் முதுகு கூசியது.

அடியில் ஒன்றும் இல்லாமல் பாட்டு மிதக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பேடில் பெரிய டிரம்முக்கு என்று ஒரு கட்டம் உண்டு. நான் எப்போதும் அதைப் பட்டும் படாமலும்தான் தட்டுவேன். சத்தம் கூடினால் ஆட்கள் என்னைப் பார்ப்பார்களே என்ற கூச்சம். அன்று அதை ஓங்கி அடித்தேன். அக்காவின் சின்ன ஈ வருகிற இடத்தில் எல்லாம் என் டிரம் சேர்ந்து விழுந்தது. முன் வரிசையில் இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். மாஸ்டர் மறுபடியும் ஜனங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஆனால் கிட்டாரின் தலை லேசாக என் கன்னத்தில் இடித்தது. அது தெரியாமல் இடித்தது இல்லை.

கடைசிப் பாட்டும் முடிந்தது. போதகர் ஆசீர்வாதம் சொன்னார். எல்லாரும் தலை குனிந்து மௌன ஜெபத்தில் நின்றார்கள். ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும். அப்போது அந்த மூன்றாவது கம்பி அறுந்தது.

ஒயரைக் கழற்ற மறந்திருந்தோம். ஸ்பீக்கர் வழியாக ஆலயம் முழுவதும் இடி விழுந்தது போல ஒரு சத்தம். யாரோ பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டார்கள். ஒரு குழந்தை வீரிட்டது. நான் பயந்து அக்காவைப் பார்த்தேன். முகத்தில் காயம் இல்லை. தலையைக் குனிந்தபடி தோள் குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல பிள்ள. ஆமென் வரைக்கும் நின்னுதே" என்று முணுமுணுத்தாள்.

கூட்டம் கலைந்ததும் மாஸ்டர் வந்தார். பாராட்டவில்லை, திட்டவும் இல்லை. "இன்னைக்கு முடிஞ்சிது. அடுத்த ஞாயிறு?"

அக்கா அறுந்த கம்பியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "இதச் சரியாக்கிற வரைக்கும் உங்க மச்சினன் வாசிக்கட்டும் சார். பொறவு நான் வருவேன். எனக்க ஸ்டூல மட்டும் எடுக்காண்டாம்."

மாஸ்டர் ஒரு ஆள் என்றால் ஒரு ஆள் என்று ஆரம்பிக்கப் போனார். அதற்குள் மச்சினன், "அத்தான், நான் வேற ஸ்டூல் போட்டு இரிந்துக்கிடுதேன். அது அக்காக்க எடம்" என்றார். மாஸ்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஒயரக் கழத்தீட்டு ஜெபம் பண்ணப் படிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் இருந்து அதுவே பெரிய சம்மதம்.

மறுநாள் கிட்டாரோடு களியக்காவிளை பஸ்ஸில் போனோம். அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மடியில் விரலை அசைத்துக்கொண்டே வந்தாள். அந்த அசைவைக் கவனித்தேன். தடித்த கம்பி மேலே இருந்தால் கை எப்படிப் போக வேண்டுமோ அப்படிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கும் தானே திரும்பிக்கொள்ளப் போகிறாள், இத்தனை வருஷம் பழகிய கையை முதலில் இருந்து மாற்றப் போகிறாள் என்று எனக்குப் பயம் வந்தது. வேண்டாம் அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லுக்கு முன்னால் நிறுத்தம் வந்துவிட்டது.

கிட்டார் செய்தவர் அறுந்த இடத்தைப் பார்த்துத் திகைத்தார். "சேச்சி, இது என்ன பண்ணினீங்க? எடது கைன்னுதானே சொன்னீங்க? நான் எடது கைக்குத்தானே செஞ்சேன்?"

மூலையில் அதே பையன்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அக்கா சுவர்ப்பக்கம் போனாள். அன்று அவர் நீட்டிய அந்த வலக்கைக் கிட்டாரை எடுத்தாள். கவிழ்த்துப் பிடித்தாள். ஸ்டூலை இழுத்து, பட்டறையின் நடுவில், எல்லாருக்கும் எதிரே போட்டு உட்கார்ந்தாள். நாலு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தாழ இறக்கி, பைய மேலே கொண்டு வந்தாள். நாலு தடவை தலையை ஆட்டினாள். பிறகு வாசிக்கத் தொடங்கினாள்.

பையன்கள் எழுந்து கிட்டே வந்தார்கள். ஒருவன் போனைத் தூக்கினான். அக்கா பார்த்தாள். சுவரின் பக்கம் திரும்பவில்லை. நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நானும் நிமிர்ந்து பார்த்தேன். இத்தனை நாள் பக்கவாட்டில் இருந்தே பார்த்த கையை அன்றுதான் முன்னால் நின்று பார்த்தேன். தரைப்பக்கத்துத் தடித்த கம்பியை அவள் கட்டை விரல், மரத்தில் கோடு இழுப்பது போலத் தன் பக்கமாக இழுத்து விட்டது.

"பாத்தியா? நல்லாப் பாத்துக்கோ" என்றாள் வாசித்துக்கொண்டே. கிட்டார் செய்தவர் முட்டி போட்டு உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசித்து முடித்து எழுந்து, பெட்டியில் இருந்த அயனிக் கிட்டாரை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"இந்தா, இத நீ திருப்பு மக்கா" என்றாள். "நான் திரும்பினது போதும்."